ஒருக்களித்துப் படுப்பவருக்கு எந்த மெத்தை?

மெத்தை மாற்றப்போகிறோம் என்று சொன்னால் போதும், "கெட்டியாப் பார்த்து வாங்கு, முதுகுக்கு அதுதான் நல்லது" என்று சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். மல்லாந்து படுப்பவருக்கு அந்த அறிவுரை ஓரளவு பொருந்தலாம். ஒருக்களித்துப் படுப்பவர் அதை நம்பி வாங்கினால் முதுகு தப்பினாலும் தோள்பட்டை தப்பாது. நள்ளிரவில் கை மரத்துப்போய் எழுந்து உதறிவிட்டு மறுபக்கம் திரும்புவதும், அந்தப் பக்கமும் சற்று நேரத்தில் அலுத்துப்போவதும் பெரும்பாலும் இப்படி வாங்கிய மெத்தையின் வேலை.

இத்தனைக்கும் ஒருக்களித்துப் படுப்பவர்கள்தான் அதிகம். 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 664 பேரின் உடலில் அசைவைப் பதிவுசெய்யும் கருவியைப் பொருத்தி, வழக்கம்போலத் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். படுக்கையில் இருந்த நேரத்தில் சுமார் 54 சதவீதம் ஒருக்களித்தும், 37 சதவீதத்துக்குச் சற்று மேல் மல்லாந்தும் கழிந்திருந்தது. குப்புறப் படுத்தது 7 சதவீதம்தான். ஆனால் மெத்தை விளம்பரங்களில் வருகிறவர்கள் பாதிப் பேர் விட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே படுத்திருக்கிறார்கள்.

மல்லாந்து படுக்கும்போது முதுகுப் பலகை, பிட்டம், தொடை, கெண்டைக்கால் என்று உடம்பின் எடை அகலமாகப் பரவிவிடுகிறது. பக்கவாட்டில் திரும்பினால் மெத்தையைத் தொடும் பரப்பு சுருங்குகிறது. எடை அதேதான், ஆனால் அதில் பெரும்பங்கு இப்போது இரண்டு முட்டுகளில் வந்து விழுகிறது. ஒன்று தோளின் வெளிமுனை. இன்னொன்று தொடை எலும்பின் மேல்பகுதியில் வெளிப்பக்கமாகப் புடைத்து நிற்கும் முடிச்சு. இடுப்பின் பக்கவாட்டில் கை வைத்து அழுத்தினால் கெட்டியாகத் தட்டுப்படுமே, அதுதான். இரண்டு இடத்திலும் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதை குறைவு. தோலுக்கடியில் ஓடும் நுண்குழாய்களில் ரத்தத்தின் அழுத்தம் ஏறத்தாழ 32 மி.மீ. பாதரசம். வெளியிலிருந்து வரும் அழுத்தம் அதைத் தாண்டி நெடுநேரம் நீடித்தால் ரத்த ஓட்டம் தடைபடும் என்பது படுக்கைப்புண் மருத்துவத்தில் வெகுகாலமாகப் புழங்கும் கணக்கு. ஆரோக்கியமானவருக்குப் புண் வராது. உடம்பு தூக்கத்திலேயே புரண்டு படுத்துவிடும். அந்தப் புரளல்தான் தூக்கத்தைக் கலைக்கிறது. கை மரத்துப்போவது இதிலிருந்து கொஞ்சம் வேறு: அங்கே ரத்தத்தோடு நரம்பும் சேர்ந்து அழுந்துகிறது.

இந்த இரண்டு முட்டுகளுக்கும் நடுவே இடை உள்ளடங்கி நிற்கிறது. மெத்தை கெட்டியாக இருந்தால் தோளும் இடுப்பும் மேலேயே நின்றுவிட, இடைக்குக் கீழே வெற்றிடம். தாங்க ஆளில்லாமல் முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும். மெத்தை மிகவும் மெதுவாக இருந்தாலும் கேடுதான்: உடம்பிலேயே கனமான இடுப்பு உள்ளே போய், தூளியில் படுத்தது போல் நடுவுடம்பு தொங்கிவிடும். காலையில் கீழ்முதுகு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் திணறுவது இந்த இரண்டாவது வகையில்தான் அதிகம்.

ஆக, தோள் நன்றாக உள்ளே போக வேண்டும். இடுப்பு கொஞ்சம் போக வேண்டும். இடையை மெத்தை எழும்பி வந்து தொட வேண்டும். ஒரே பொருளால் செய்த ஒரே கட்டி மெத்தை இந்த மூன்றையும் செய்வது கடினம். அதனால் 'கெட்டியா, மெதுவா' என்ற கேள்வியோடு கடைக்குப் போனால் சரியான பதில் கிடைக்காது. மேல் அடுக்கு எத்தனை தடிமன், எத்தனை மென்மை? அதற்குக் கீழே இருப்பது எங்கே போய்த் தடுத்து நிறுத்துகிறது? இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கீழே சொல்லப்போகிற ஒவ்வொரு வகையையும் இந்த இரண்டு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

கெட்டி மெத்தை பற்றி ஒரு சோதனையைச் சொல்லிவிட்டு வகைகளுக்குப் போகலாம். 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கெட்டியான மெத்தையும் மறுபாதிக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்து 90 நாள் கழித்துப் பார்த்தார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலியும் முடக்கமும் அதிகம் குறைந்திருந்தன. ஒருக்களித்துப் படுப்பவர்களை மட்டும் வைத்துச் செய்த சோதனை அல்ல இது. ஆனாலும் "முதுகுவலியா? பலகை மாதிரி மெத்தையில் படு" என்ற பழைய தீர்ப்பை இன்னும் சுமந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

மெமரி ஃபோம்

1966இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக விமான இருக்கைகளில் அதிர்ச்சியைத் தாங்கச் சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் உருவாக்கிய பொருள் இது. படுக்கைக்கு வந்தது 1990களில். அடிப்படையில் பாலியூரித்தேன்தான், அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் மெதுவாக இளகும்படி வேதிப்பொருள் சேர்த்திருப்பார்கள். உள்ளங்கையை அழுத்தி எடுத்தால் ஐந்து விரலின் தடமும் சில நொடி அப்படியே நின்று, பிறகு நிதானமாக நிரம்பும்.

தோள்வலிக்காரர்களுக்கு இதைவிடச் சுகமான பொருளைப் பார்ப்பது அரிது. தோள் அழுந்திய இடத்தில் மட்டும் இறங்கிக்கொடுக்கிறது, பக்கத்தில் இருக்கிற இடை அதோடு சேர்ந்து இழுபடுவதில்லை. அழுத்தம் ஒரு முனையில் குவியாமல் விலா, மேற்கை, முதுகுப் பலகையின் ஓரம் என்று பரவிவிடுகிறது. பக்கத்தில் படுத்திருப்பவர் புரண்டாலும் நமக்குத் தெரியாது.

குறைகளும் இதே குணத்திலிருந்து வருபவைதான். மெதுவாக நிரம்புவதால் புரண்டு படுக்க முயன்றால் பள்ளத்திலிருந்து ஏறி வர வேண்டியிருக்கிறது. இரவில் அடிக்கடி பக்கம் மாற்றுபவருக்கு இது எரிச்சல். உடம்பைச் சுற்றி ஒட்டிக்கொள்வதால் காற்றோட்டம் குறைந்து சூடு தேங்கும். 'கூலிங் ஜெல்' கலந்தது என்பார்கள். படுத்ததும் சில்லென்று இருக்கும், ஜெல் உடம்பின் சூட்டை வாங்கி நிறைந்ததும் அந்தச் சுகம் முடிந்துவிடும். குளிர் அதிகமுள்ள அறையில் இதே ஃபோம் விறைத்துக்கொள்ளும். மாலையில் கட்டையாக இருந்த மெத்தை படுத்துச் சிறிது நேரம் கழித்துத்தான் வழிக்கு வரும்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய எண் அடர்த்தி. ஒரு கன மீட்டருக்கு 48 கிலோவை ஒட்டியது மலிவு ரகம்; தோளும் இடுப்பும் படும் இடத்தில் சீக்கிரம் குழி விழும். 64ஐ ஒட்டியது நடுத்தரம். 80 கனமானது, நீடிக்கும், ஆனால் இன்னும் மெதுவாக இளகும். அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு. அடர்த்தி அதிகமுள்ள ஃபோமை மென்மையாகவும் செய்யலாம், அடர்த்தி குறைந்ததைக் கட்டை மாதிரியும் செய்யலாம். 'ஹை டென்சிட்டி' என்று பெரிய எழுத்தில் போட்டு எண்ணைப் போடாத அட்டையை நான் ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்வதில்லை.

லேடெக்ஸ்

ரப்பர் மரத்துப் பாலை நுரைக்க வைத்து அச்சில் வேகவைத்தால் வருவது. இரண்டு செய்முறை உண்டு. டன்லப் முறையில் நுரையை அச்சில் ஊற்றி நேரே வேகவைப்பார்கள். கொஞ்சம் படிந்து அடிப்பக்கம் அடர்த்தி கூடும். டலாலே முறையில் அச்சை மூடி, காற்றை உறிஞ்சி நுரையை விரியவைத்து, உறையவைத்த பிறகுதான் வேகவைப்பார்கள். அதனால் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்கும், மென்மையான ரகங்களும் எளிதாகக் கிடைக்கும். ஒருக்களித்துப் படுப்பவருக்கு மேல் அடுக்காக டலாலே, அடியில் டன்லப் என்ற சேர்க்கை நன்றாக அமைகிறது. விலையும் அதற்கேற்ப ஏறும்.

மெமரி ஃபோமோடு ஒப்பிட்டால் லேடெக்ஸ் உடனுக்குடன் எதிர்வினை காட்டும். கையை எடுத்த கணமே மேலே வந்துவிடும். அதனால் புரள்வது எளிது. எழும்பி வந்து இடையைத் தாங்குவதில் இது கெட்டிக்காரப் பொருள். தோளை உள்வாங்குவதில் மெமரி ஃபோமுக்கு ஒரு படி கீழே. அச்சிலேயே விழும் ஊசித்துளைகளால் காற்று போய்வரும், சூடு தேங்காது. நல்ல லேடெக்ஸ் மற்ற ஃபோம்களைவிடப் பல ஆண்டு கூடுதலாக உழைக்கும். ஆனால் கனம். பெரிய அளவு மெத்தையை ஒருவராகத் திருப்பிப் போட முடியாது. ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் வாங்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இங்கே ஏமாற வாய்ப்புள்ள இடம் ஒன்று: 15 செ.மீ. தடிமனில் ஒரே கட்டி டன்லப் லேடெக்ஸ். 'சுத்தமான இயற்கை லேடெக்ஸ்' என்று விற்பார்கள், பொய்யில்லை. ஆனால் ஒருக்களித்துப் படுக்கும் ஒல்லியான உடம்புக்கு அது பெரும்பாலும் கெட்டி. லேடெக்ஸின் கெட்டித்தன்மையை ஐஎல்டி என்ற எண்ணால் சொல்வார்கள். சுமார் 20 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தகட்டை வைத்து, ஃபோமின் தடிமனில் கால் பங்கு அமுங்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்ற கணக்கு அது. 20ஐ ஒட்டினால் மென்மை, 30ஐத் தாண்டினால் கெட்டிப் பக்கம். மேல் அடுக்குக்கு 20 முதல் 25 வரை, அடி அடுக்குக்கு 30க்கு மேல் என்று கேட்டு வாங்கினால் பெரும்பாலானவர்களுக்குச் சரிப்படும்.

ஸ்பிரிங், ஹைபிரிட்

எல்லாச் சுருளும் கம்பியால் ஒன்றோடொன்று பின்னப்பட்டிருக்கும் பழைய பானல் வகையை இந்தப் பேச்சிலிருந்து தள்ளிவிடலாம். இடுப்பு அழுந்தினால் பக்கத்துச் சுருள்களும் சேர்ந்து இறங்கும். தோளுக்குத் தனியாகப் பள்ளம் கிடைக்காது.

பாக்கெட் ஸ்பிரிங் வேறு கதை. ஒவ்வொரு சுருளும் தனித் துணிப்பையில் இருப்பதால் தன் தலையில் விழுந்த எடைக்கு மட்டும் பதில் சொல்கிறது. இடையின் கீழே இருக்கும் சுருள்கள் அமுங்காமல் நின்று அதைத் தாங்கும், தோளின் கீழே இருப்பவை இறங்கும். சில மெத்தைகளில் தோள் வரும் பகுதியில் மெல்லிய கம்பியும் இடுப்புப் பகுதியில் தடித்த கம்பியும் போட்டு மண்டலம் மண்டலமாகப் பிரித்திருப்பார்கள். கேட்க அருமையாக இருக்கும். நம் உயரத்துக்கு அந்த மண்டலம் சரியான இடத்தில் வந்து அமைகிறதா என்பது படுத்தால்தான் தெரியும். குட்டையானவருக்குத் தோள் மண்டலத்தில் விலா விழலாம், நெட்டையானவருக்கு இடுப்பு மண்டலத்தில் இடை விழலாம். தலையணையை வழக்கமான இடத்தில் வைத்துப் படுத்துப் பார்க்காமல் மண்டல மெத்தைக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

சுருள்களின் எண்ணிக்கையை வைத்து விற்பதும் நடக்கிறது. ஆயிரம், இரண்டாயிரம் என்பார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் அந்த எண்ணுக்கு அர்த்தம் குறைவு. கம்பி எத்தனை தடிமன், சுருள் எத்தனை உயரம், முக்கியமாக மேலே என்ன போர்த்தியிருக்கிறார்கள் என்பவை பெரிது. ஸ்பிரிங் தனியாக நின்று தோளைக் காப்பாற்றாது. மேலே 5 செ.மீ.க்குக் குறையாமல் மெமரி ஃபோமோ லேடெக்ஸோ இருந்தால்தான் அது ஒருக்களித்துப் படுப்பவருக்கான மெத்தை. அப்படிச் சேர்த்துச் செய்ததைத்தான் ஹைபிரிட் என்று விற்கிறார்கள்.

என்னிடம் ஒரே பதில் கேட்டால் ஹைபிரிட் என்றுதான் சொல்வேன். மேலே இளகுவது ஒன்று, கீழே தடுப்பது ஒன்று என்ற வேலைப்பிரிவு அதன் அமைப்பிலேயே இருக்கிறது. சுருள்களுக்கிடையே காற்று ஓடுவதால் சூடும் தேங்காது. ஓரமும் தாங்கும். முழங்காலை மடக்கி, கட்டிலின் ஓரத்துக்கே ஒதுங்கிப் படுப்பவர்களுக்கு ஓரம் சரியாமல் இருப்பது சின்ன விஷயமல்ல. முழு ஃபோம் மெத்தைகளில் பல இங்கேதான் தோற்கின்றன.

சாதாரண ஃபோம், தேங்காய் நார், பஞ்சு

சாதாரணப் பாலியூரித்தேன் ஃபோம் அடி அடுக்காக இருந்தால் குறையில்லை. கன மீட்டருக்கு 30 கிலோவுக்கு மேல் அடர்த்தி வேண்டும், பருத்த உடம்பானால் 40. மேல் அடுக்காகவும் அதுவே என்றால், புதிதில் நன்றாக இருந்து பிறகு இடுப்பு படும் இடத்தில் அமுங்கிப்போகும்.

ரப்பர் பால் தெளித்து அழுத்திய தேங்காய் நார் மெத்தை காற்றோட்டத்தில் கெட்டிக்காரன், வடிவம் குலையாது, பல ஆண்டு நிற்கும். ஒருக்களித்துப் படுக்க மட்டும் அது ஒத்துவராது. நாருக்கு மேல் ஓர் அங்குல ஃபோம் ஒட்டியிருந்தாலும் தோள் அதைத் தாண்டிப்போய் நாரில் முட்டும். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். மேலே 5 முதல் 8 செ.மீ. லேடெக்ஸ் அல்லது மெமரி ஃபோம் டாப்பர் போட்டால், அடி அடுக்கு கெட்டி, மேல் அடுக்கு மென்மை என்ற அதே அமைப்பு குறைந்த செலவில் கிடைத்துவிடுகிறது.

இலவம்பஞ்சு மெத்தை புதிதாக அடித்த நாள்களில் சுகம். பஞ்சு அமுங்கி விலகி, தோள் படும் இடத்தில் மெலிந்தும் இடைக்கருகே கட்டியாகவும் சேர்ந்துகொள்ளும். நமக்கு வேண்டியதும் அதுதானே என்று தோன்றலாம், ஆனால் இரவில் நாம் அதே இடத்தில் படுப்பதில்லை. அடிக்கடி வெயிலில் போட்டு, பிரித்து அடிக்க முடிந்தவர்களுக்கு மட்டும்.

காற்றடைத்துக் கெட்டித்தன்மையைக் கூட்டிக் குறைக்கும் மெத்தைகளும் உண்டு. மேல் அடுக்கு தடிமனாக இருந்தால் நல்லவைதான். மோட்டார், குழாய், வால்வு என்று பழுதாக நாலு இடம் கூடுகிறது என்பதை யோசித்துக்கொண்டு முடிவெடுக்கலாம்.

யாருக்கு எது

பொதுவாக ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு, பத்துக்கு ஒன்று மிக மென்மை, பத்து மிகக் கெட்டி என்ற அளவில் 4 முதல் 6 வரை சொல்வார்கள். அந்த அளவு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானதல்ல. ஒருவரின் 6 இன்னொருவரின் 7ஆக இருக்கும். அதைவிட உடல் எடை நம்பகமான வழிகாட்டி. மெத்தை எத்தனை அமுங்கும் என்பதை முடிவுசெய்வது படுப்பவரின் எடைதானே.

60 கிலோவுக்குள் இருப்பவர் நடுத்தர மெத்தையில் படுத்தாலே அது கெட்டியாகத்தான் தெரியும். மேல் அடுக்கு அமுங்குகிற அளவுக்கு எடை போய்ச் சேராது. இவர்கள் மென்மைப் பக்கம் துணிந்து போகலாம். முழு மெமரி ஃபோமும் சரி, ஐஎல்டி 20க்குக் கீழே வரும் லேடெக்ஸ் மேல் அடுக்கும் சரி. 60 முதல் 100 கிலோ வரை உள்ளவர்களுக்குத் தெரிவு அகலம். 5 முதல் 8 செ.மீ. மேல் அடுக்குள்ள ஹைபிரிட்டோ இரண்டடுக்கு லேடெக்ஸோ பார்க்கலாம். 100 கிலோவைத் தாண்டியவர்களுக்குச் சிக்கல் வேறு. தோளுக்கு மென்மையும் வேண்டும், இடுப்பு ஆழத்தில் புதையவும் கூடாது. மெல்லிய மெத்தை வாங்கினால் மேல் அடுக்கைத் தாண்டி அடி அடுக்கில் முட்டுவார்கள், தடிமனான மெமரி ஃபோம் வாங்கினால் இடுப்பு தொங்கும். மொத்தத் தடிமன் 30 செ.மீ.யை ஒட்டி, வலுவான பாக்கெட் ஸ்பிரிங் மேல் லேடெக்ஸ் என்பதே இவர்களுக்கு என் தேர்வு.

எடை மட்டும் போதாது, உடம்பின் வடிவமும் பேசும். தோள் அகன்று இடுப்பு ஒடுங்கியவருக்கு மேல் அடுக்கு தடிமன் கூடுதலாக வேண்டும். இடுப்பு அகன்று இடை ஒடுங்கியவருக்கு இடையை நிரப்புவதுதான் பெரிய வேலை. அங்கே லேடெக்ஸ் மெமரி ஃபோமை முந்துகிறது.

தோள்மூட்டில் ஏற்கெனவே வலி இருப்பவர்கள், இடுப்பின் பக்கவாட்டு எலும்பில் வீக்கம் வந்து அந்தப் பக்கம் படுக்கவே முடியாதவர்கள் மெமரி ஃபோமை முதலில் பாருங்கள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மருத்துவர்கள் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். அதற்கென்று புது மெத்தை வாங்க வேண்டாம். உடம்பின் எடையும் வடிவமும் சில மாதத்தில் மறுபடி மாறப்போகிறது. டாப்பரும் முழங்காலுக்கிடையே ஒரு தலையணையும் போதும். நெஞ்செரிச்சலுக்காக இடப்பக்கமே படுப்பவர்கள், ஒரே தோள் இரவு முழுதும் சுமை தாங்குகிறது என்பதால் மேல் அடுக்கில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.

கணவன் 90 கிலோ, மனைவி 55 கிலோ என்றால் ஒரே மெத்தையில் இருவரையும் திருப்திப்படுத்துவது பெரும்பாடு. ஒரே கட்டிலில் இரண்டு தனி மெத்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போடுவது பார்க்க அழகில்லாமல் இருக்கலாம், தூக்கம் வரும். அது வேண்டாம் என்பவர்கள் கனமானவருக்கு ஏற்ற அடி அடுக்கை எடுத்துக்கொண்டு, ஒல்லியானவர் பக்கம் மட்டும் மெல்லிய டாப்பர் போட்டுப் பார்க்கலாம்.

அட்டையைப் படிப்பது

ஒரு மெத்தையின் விவரத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: மொத்தத் தடிமன் 20 செ.மீ., மேலே 2.5 செ.மீ. மெமரி ஃபோம், கீழே 17.5 செ.மீ. கெட்டி ஃபோம். விற்பவர் அதை 'மெமரி ஃபோம் மெத்தை' என்பார். கையால் அழுத்தினால் தடம் விழும், படுத்ததும் முதல் ஐந்து நிமிடம் மெதுவாகத்தான் இருக்கும். தோள் முழுவதுமாக இறங்கியதும் அந்த 2.5 செ.மீ. நசுங்கித் தாள் மாதிரி ஆகிவிட, அதன் பிறகு இரவு முழுதும் நாம் படுத்திருப்பது கெட்டி ஃபோமின் மேல். அதே 20 செ.மீ.யில் 6 செ.மீ. மெமரி ஃபோம், 3 செ.மீ. நடுத்தர ஃபோம், 11 செ.மீ. கெட்டி ஃபோம் என்று பிரித்திருந்தால் அது வேறு மெத்தை. பெயரும் படமும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும். அடுக்குவாரியாகத் தடிமனும் அடர்த்தியும் சொல்ல மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம் என்பது என் பிடிவாதம்.

'ஆர்த்தோபெடிக்' என்ற சொல்லுக்கு எந்த மருத்துவ அளவுகோலும் பின்னால் இல்லை. யார் வேண்டுமானாலும் எதன் மேல் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பெரும்பாலும் 'கெட்டியானது' என்பதற்கு இடுகிற மரியாதையான பெயர் அது. நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

வாரண்டியையும் ஆயுளையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. குழி விழுந்தால் மாற்றித் தருவோம் என்பார்கள், எத்தனை செ.மீ. ஆழக் குழி என்று சிறிய எழுத்தில் இருக்கும். யாரும் படுக்காத நிலையில் 2.5 அல்லது 4 செ.மீ. பள்ளம் தெரிய வேண்டும் என்று நிபந்தனை வைத்திருப்பவர்கள் உண்டு. அதில் பாதிப் பள்ளம் விழும் முன்பே ஒருக்களித்துப் படுப்பவரின் இடுப்பு புகார் சொல்லத் தொடங்கிவிடும்.

படுத்துப் பார்ப்பது

கடையில் மெத்தை விளிம்பில் உட்கார்ந்து இரண்டு முறை குதித்துப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. வீட்டில் எந்தப் பக்கம் படுப்பீர்களோ அந்தப் பக்கமே, வீட்டில் வைக்கிற தலையணையோடு, பதினைந்து நிமிடமாவது படுக்க வேண்டும். வெட்கப்பட வேண்டாம், காசு உங்களுடையது. இறுக்கமான சட்டை போட்டுக்கொண்டு போய், கூட வந்தவரை முதுகுப் பக்கமிருந்து மெத்தை மட்டத்தில் செல்போனை வைத்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கழுத்தின் அடியில் புடைத்திருக்கும் எலும்பு முதல் வால் எலும்பு வரை கோடு நேராக, மெத்தைக்கு இணையாக இருக்க வேண்டும். நடுவில் கீழ்நோக்கித் தொய்ந்தால் தாங்கல் போதவில்லை. தோள் பக்கம் ஏறி நின்றால் மேல் அடுக்கு போதவில்லை.

படம் எடுக்க ஆளில்லை என்றால் கை போதும். ஒருக்களித்துப் படுத்தபடி மேல் கையை இடைக்கும் மெத்தைக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். தங்குதடையின்றி உள்ளே போனால் கெட்டி. நுழையவே மறுத்தால் உடம்பு புதைந்திருக்கிறது. லேசான உராய்வோடு போவதே சரியான அளவு.

தலையணையைச் சேர்த்துப் பார்க்காவிட்டால் இத்தனை பாடும் வீண். ஒருக்களித்துப் படுக்கும்போது காதுக்கும் மெத்தைக்கும் உள்ள இடைவெளி என்பது தோளின் அகலத்திலிருந்து தோள் புதைந்த ஆழத்தைக் கழித்தால் வருவது. கெட்டி மெத்தையிலிருந்து மென்மையான மெத்தைக்கு மாறினால் தோள் கீழே போய்விடும், அதே பழைய தலையணை இப்போது உயரமாகிவிடும், கழுத்து மேல்நோக்கி வளையும். புது மெத்தை வாங்கியபின் கழுத்து வலிக்கிறது என்பவர்களில் பலருக்குப் பிரச்சினை இதுதான். மெத்தையைத் திருப்பித் தரும் முன் தலையணையைக் கொஞ்சம் தாழ்த்திப் பாருங்கள்.

பழைய மெத்தைக்கு மேல் டாப்பர் போட்டுச் சமாளிக்கலாமா என்று கேட்பார்கள். மெத்தை சமமாக இருந்து, கெட்டியாக மட்டும் இருந்தால் தாராளமாகப் போடலாம். நடுவில் குழி விழுந்த மெத்தையில் டாப்பர் போட்டால் டாப்பரும் அதே குழிக்குள் உட்காரும். கட்டிலின் அடிச்சட்டங்களையும் ஒரு முறை எண்ணிப் பார்த்துவிடுங்கள். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் இடைவெளி 7 செ.மீ.யைத் தாண்டினால் ஃபோமும் லேடெக்ஸும் இடுக்கில் பிதுங்கும். பல நேரம் குற்றவாளி மெத்தை அல்ல, ஒடிந்த ஒரு சட்டம்.

இணையத்தில் வாங்கினால் வீட்டில் படுத்துப் பார்க்க அவகாசம் தருகிறார்கள். நூறு இரவு வரை தருபவர்களும் உண்டு. அதை முழுதாகப் பயன்படுத்துங்கள். புது ஃபோம் இளகவும் உடம்பு பழகவும் மூன்று, நான்கு வாரமாவது பிடிக்கும். முதல் வாரத்து வலியை வைத்துத் தீர்ப்பெழுத வேண்டாம். ஒரு மாதம் கழித்தும் விடியலில் அதே தோள் நோகிறது என்றால் யோசிக்காமல் திருப்பிவிடுங்கள். கறை பட்ட மெத்தையைப் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் முதல் நாளே உறை போட்டுவிட வேண்டும். பஞ்சு வைத்துத் தைத்த தடித்த உறை வேண்டாம். அது தோளுக்கும் மேல் அடுக்குக்கும் நடுவே விறைத்து நின்று, காசு கொடுத்து வாங்கிய மென்மையை மறைத்துவிடும். இழுத்தால் நீளுகிற மெல்லிய துணி உறை போதும்.